பாங்குகளின் மனச்சாட்சி எங்கே இருக்கிறது?

பாங்குகளுக்குச் சமூக மனச்சாட்சி உண்டு என்று நமக்குச் சொல்லப்படுகிறது. வருடாந்திர அறிக்கைகளின் வழவழப்பான பக்கங்களைப் புரட்டினால் மரக்கன்று நடும் அதிகாரிகளைப் பார்க்கலாம். பள்ளிக்கூடத்துக்குப் பெஞ்சு வழங்கும் காட்சியைப் பார்க்கலாம். இந்தப் படங்கள் பொய் என்று நாம் சொல்ல வரவில்லை. மரக்கன்று நட்டது உண்மை. பெஞ்சு கொடுத்ததும் உண்மை. ஆனால் ஒரு ஸ்தாபனத்தின் மனச்சாட்சியை அது செய்யும் தானத்தில் தேடுவது தவறு. அது நடத்தும் தொழிலில்தான் தேட வேண்டும்.

பாங்கின் தொழில் என்ன? ஜனங்களிடம் பணம் வாங்குவது, அதைக் கடனாகக் கொடுப்பது, கொடுத்ததை வசூலிப்பது. ஆகவே நமது கேள்விகளும் மூன்றுதான். யாரிடம் வாங்குகிறது? யாருக்குக் கொடுக்கிறது? திரும்பி வராதபோது யாரை எப்படி நடத்துகிறது? இவற்றுக்குக் கிடைக்கும் விடையே பாங்கின் மனச்சாட்சி. மற்றவையெல்லாம் விளம்பரம்.

ஊரார் பணம், முதலாளி கை

சென்னை நகரம் இந்தப் பாடத்தை நூறு வருஷங்களுக்கு முன்பே படித்தது. 1906 அக்டோபரில் ஆர்பத்நாட் கம்பெனி திவாலாயிற்று. பென்ஷன் வாங்கிய குமாஸ்தாக்களும் விதவைகளும் சிறு வியாபாரிகளும் நம்பிப் போட்ட பணம் போயிற்று. கம்பெனித் தலைவர் சர் ஜார்ஜ் ஆர்பத்நாட் சிறைக்குப் போனார். பணம் திரும்பி வரவில்லை. 1960 ஆகஸ்டில் கேரளத்தின் பெரிய பாங்கான பாலாய் சென்ட்ரல் பாங்கு மூடப்பட்டது. அங்கேயும் அழுதவர்கள் சிறு சேமிப்பாளர்களே. இந்த வீழ்ச்சிகளுக்குப் பிறகுதான் 1962இல் டிபாசிட் இன்ஷூரன்ஸ் வந்தது. ஆரம்பத்தில் 1,500 ரூபாய் வரைக்கும்தான் பாதுகாப்பு. 2020 பிப்ரவரியிலிருந்து அது 5 லட்சம் ரூபாய். இந்தப் பாதுகாப்பும் பாங்கு முதலாளிகளின் இரக்கத்தால் வந்ததல்ல, சட்டத்தால் வந்தது என்பதை வாசகர்கள் மனத்தில் வைக்க வேண்டும்.

திவாலாகாத பாங்குகள் மட்டும் என்ன செய்தன? 1951-52இல் நாடு தழுவிய கிராமக் கடன் சர்வே நடந்தது. கிராமத்து ஜனங்கள் வாங்கிய கடனில் வர்த்தகப் பாங்குகள் கொடுத்தது நூற்றுக்கு ஒரு ரூபாய்கூட இல்லை, 0.9 சதவிகிதம். கூட்டுறவுச் சங்கங்கள் கொடுத்தது 3.1 சதவிகிதம். மீதியில் பெரும்பகுதி லேவாதேவிக்காரனும் மண்டிக்காரனும் மிராசுதாரும் கொடுத்தது. பதினைந்து வருஷம் கழித்து, 1967இல், பாங்குக் கடனில் தொழில்துறைக்கு ஏறக்குறைய 64 சதவிகிதம். உழவுக்கு 2 சதவிகிதத்தைச் சற்றுத் தாண்டியது.

இது ஏதோ கவனக்குறைவா? இல்லை. யுனைடெட் கமர்ஷியல் பாங்கை 1943இல் ஆரம்பித்தவர் ஜி. டி. பிர்லா. ஆலை யாருடையதோ, பாங்கும் அவருடையது. டைரக்டர் போர்டில் உட்கார்ந்து கடன் கொடுக்கிறவரும், எதிரே நின்று கடன் கேட்கிறவரும் ஒருவரே என்றால் உழவன் எந்த வாசல் வழியாக உள்ளே நுழைவான்? "ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே" என்று நம் ஜனங்கள் சொல்வது இதைத்தான்.

உபதேசம் போதவில்லை

பாங்குகளின் மனச்சாட்சியைத் தட்டி எழுப்ப முடியும் என்று ஒரு காலத்தில் சர்க்காரே நம்பிப் பார்த்தது. 1967 டிசம்பரில் நிதி மந்திரி மொரார்ஜி தேசாய் பார்லிமெண்டில் "சமூகக் கட்டுப்பாடு" என்ற திட்டத்தை அறிவித்தார். சொத்துரிமையில் கை வைக்க வேண்டாம்; டைரக்டர் போர்டில் உழவும் சிறுதொழிலும் தெரிந்த சிலரைச் சேர்ப்போம்; தேசியக் கடன் கவுன்சில் ஒன்று வைத்து நல்லது சொல்வோம்; பாங்குகள் திருந்தும் என்பதே அதன் சாரம். அதற்கான சட்டம் 1969 பிப்ரவரி முதல் தேதி அமுலுக்கு வந்தது.

அந்த உபதேசத்தின் ஆயுள் ஆறு மாதங்கூட இல்லை. 1969 ஜூலை 19ஆம் தேதி, ஐம்பது கோடி ரூபாய்க்கு மேல் டிபாசிட் வைத்திருந்த 14 பாங்குகள் தேசியமயமாயின. 1970 பிப்ரவரி 10இல் சுப்ரீம் கோர்ட்டு அந்தச் சட்டத்தைச் செல்லாதென்றது. நான்கே நாளில் புதிய அவசரச் சட்டம் வந்தது. 1980 ஏப்ரலில் மேலும் 6 பாங்குகள் சேர்ந்தன.

பலன் என்ன? 1969இல் நாடு முழுவதும் சுமார் 8,260 கிளைகள். கிராமக் கிளைகள் 1,833 மட்டுமே. இருபது வருஷத்தில் கிராமக் கிளைகள் சுமார் 35,000 ஆயின. உழவு, சிறுதொழில், நலிந்த பிரிவினர் ஆகியோருக்கு நூற்றுக்கு நாற்பது கடன் என்ற இலக்கு வந்தது. 1991இல் கிராமக் குடும்பங்களின் கடனில் 64 சதவிகிதம் பாங்கு, கூட்டுறவு முதலிய ஸ்தாபனங்களிடமிருந்து வந்தது. வட்டிக்கடைக்காரனின் பிடி இவ்வளவு தளர்ந்தது சரித்திரத்தில் அதற்கு முன் இல்லை.

கவனியுங்கள்: குமாஸ்தா அதே குமாஸ்தா, மானேஜர் அதே மானேஜர், கணக்குப் புத்தகமும் அதே. அவர்களுக்குத் திடீரென்று ஞானம் பிறந்துவிடவில்லை. மேலிருந்து வந்த கட்டளை மாறிற்று. பாங்கு நடந்துகொண்ட விதமும் மாறிற்று.

காற்று திரும்பியது

1991இல் நரசிம்மம் கமிட்டி, நாற்பது சதவிகித முன்னுரிமைக் கடனைப் பத்தாகக் குறைக்கச் சொன்னது. அதை அப்படியே ஏற்க எந்தச் சர்க்காருக்கும் துணிச்சல் வரவில்லை. நாற்பது என்ற எண் ஏட்டில் நின்றது. அதற்குள் என்னென்ன அடங்கும் என்ற பட்டியல் நீண்டது. இன்று குளிர்பதனக் கிடங்கு எந்த ஊரில் இருந்தாலும், விளைபொருள் வைப்பதற்கென்றால் அதன் கடன் விவசாயக் கடன்தான். ஒருவருக்கு நூறு கோடி ரூபாய் வரைக்கும் இந்தத் தலைப்பில் கொடுக்கலாம். இரண்டு ஏக்கர் நெல் போட்டவனும் நூறு கோடிக் கிடங்குக்காரனும் ஒரே பத்தியில்! 2002இல் கிராமக் கடனில் ஸ்தாபனங்களின் பங்கு 57 சதவிகிதமாக இறங்கியது. விட்ட இடத்தை யார் பிடித்தார்கள் என்பதை விவரிக்க வேண்டியதில்லை.

2016 ஏப்ரலில் இன்னொரு அதிசயமும் வந்தது. ஏழைகளுக்கு இலக்கின்படி கடன் கொடுக்காத பாங்கு, இலக்குக்கு மேல் கொடுத்த பாங்கிடமிருந்து அந்தப் புண்ணியத்தைச் சான்றிதழாக விலைக்கு வாங்கிக் கொள்ளலாம். கடன் கை மாறாது; நஷ்ட பயமும் கை மாறாது; காகிதம் மட்டும் மாறும். ஒரு குறு விவசாயியின் முகத்தைக்கூடப் பார்க்காமலே ஒரு பாங்கு அவருக்கு உதவிய கணக்கு எழுதலாம். மனச்சாட்சி விற்பனைக்கு வந்த பிறகு, "மனச்சாட்சி உண்டா?" என்று கேட்பானேன்? "விலை என்ன?" என்றல்லவா கேட்க வேண்டும்!

வேறு சில பாங்குகள் நுண்கடன் கம்பெனிகளுக்கு மொத்தமாகக் கடன் கொடுத்து, அதையும் முன்னுரிமைக் கணக்கில் சேர்க்கின்றன. அந்தப் பணம் இருபது சதவிகிதத்துக்கு மேற்பட்ட வட்டியோடு கிராமத்துப் பெண்களிடம் போய்ச் சேருகிறது. 2010இல் ஆந்திரத்தில் கெடுபிடி வசூலால் உயிர்கள் போனபோது, அவசரச் சட்டம் போட வேண்டியதாயிற்று. வாசலில் நின்று அவமானப்படுத்தியவன் கம்பெனி ஆள்; பின்னாலிருந்த பணமோ பாங்குப் பணம்.

சிறியவனுக்கு அபராதம், பெரியவனுக்குத் தள்ளுபடி

இப்போது மூன்றாவது கேள்விக்கு வருவோம்.

ஸ்டேட் பாங்கு, கணக்கில் குறைந்தபட்ச இருப்பு வைக்காதவர்களிடம் 2017 ஏப்ரல் முதல் மறுபடி அபராதம் வசூலித்தது. நவம்பர் வரை எட்டு மாதத்தில் வசூல் 1,772 கோடி ரூபாய். அந்த ஆண்டு ஜூலை முதல் செப்டம்பர் வரையிலான மூன்று மாதத்தில் அதே பாங்கின் லாபம் 1,581 கோடி. பணம் இல்லாத குற்றத்துக்குப் பணம் இல்லாதவர்கள் கட்டிய தண்டம், ஒரு காலாண்டு லாபத்தையே மிஞ்சியது! 2019-20 முதல் 2023-24 வரை ஐந்து வருஷத்தில் பொதுத்துறைப் பாங்குகள் இந்த வகையில் சுமார் 8,500 கோடி வசூலித்ததாக நிதி அமைச்சகமே பார்லிமெண்டில் கூறியது.

மறுபக்கம் பாருங்கள். 2015-16 முதல் பத்து வருஷத்தில் பொதுத்துறைப் பாங்குகள் கணக்கிலிருந்து நீக்கிய வராக்கடன் 12 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். "நீக்கம் வேறு, ரத்து வேறு, வசூல் முயற்சி தொடரும்" என்கிறார்கள். சொல்லளவில் சரி. ஆனால் 2016ஆம் வருஷத்து திவால் சட்டத்தின் கீழ் தீர்வு கண்ட கம்பெனிகளிடமிருந்து கடன் கொடுத்தவர்களுக்கு வந்து சேர்ந்தது, ஒப்புக்கொள்ளப்பட்ட பாக்கியில் சுமார் மூன்றில் ஒரு பங்கே. மற்ற இரண்டு பங்கு யார் பணம்? குறைந்தபட்ச இருப்பு இல்லையென்று அபராதம் கட்டினாளே, அந்தக் கூலிக்காரப் பெண்ணின் பணமும் அதில் உண்டு. கல்விக் கடன் தவணை இரண்டு தவறினால் வீட்டுக்கு ஆள் வருகிறான்; ஆயிரம் கோடி தவறினால் நட்சத்திர ஓட்டலில் பேச்சுவார்த்தை!

"பாங்கு தர்மச் சத்திரமா?"

இதற்குப் பதில் ஒன்று தயாராக இருக்கிறது. "பாங்கு தர்மச் சத்திரமல்ல. அது டிபாசிட்தாரரின் பணத்துக்குத் தர்மகர்த்தா. தாராளம் காட்டினால் பாங்கு கவிழும், முதலில் அழுகிறவன் ஏழை" என்கிறார்கள்.

இதில் பாதி நியாயம் உண்டு. நாமே ஆர்பத்நாட்டையும் பாலாயையும் மேலே எடுத்துக் காட்டினோம். சேமிப்புப் பத்திரமாக இருக்க வேண்டும் என்பதில் நமக்குக் கருத்து வேற்றுமை இல்லை. ஆனால் பாங்குகளைக் கவிழ்த்தது எப்போதாவது குறு விவசாயியா? அபராதம் கட்டியவளா? மேலே கண்ட லட்சக்கணக்கான கோடிகள் பெரும்பாலும் பெரிய கம்பெனிகளுக்கு, பெரிய மனிதர்களின் சிபாரிசோடு போனவை. டிபாசிட்தாரரின் பெயரைச் சொல்லி ஏழையை விரட்டுவதும், அதே டிபாசிட்டை முதலாளிக்கு அள்ளிக் கொடுப்பதும் தர்மகர்த்தா வேலையல்ல. ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுத கதை அது.

இன்னொரு பக்கமிருந்து, "இவை பொதுத்துறைப் பாங்குகள்தானே? தேசியமயம் தோற்றுவிட்டதல்லவா?" என்று கேட்பவர்களும் உண்டு. நாம் மழுப்ப விரும்பவில்லை. பலகையில் சர்க்கார் பெயர் எழுதினால் மட்டும் மனச்சாட்சி வந்துவிடாது. 1970ஆம் வருஷத்துத் திட்டம், டைரக்டர் போர்டில் தொழிலாளி, டிபாசிட்தாரர், விவசாயி, கைவினைஞர் ஆகியோருக்கு இடம் வைத்தது. பிற்பாடு பங்குதாரர் பிரதிநிதிகள் உள்ளே வந்தார்கள். ஊழியர் டைரக்டர் நாற்காலிகளோ ஆண்டுக்கணக்கில் காலியாகக் கிடந்தன. கண்காணிப்பவரை வெளியேற்றிவிட்டு, "கண்காணிப்பு பயனில்லை" என்பது எந்த ஊர் நியாயம்?

தனியார் பாங்கின் லட்சணம் என்ன? 2025 ஆகஸ்டில் ஐசிஐசிஐ பாங்கு, நகரங்களில் புதிதாகக் கணக்கு ஆரம்பிப்பவர்கள் சராசரி 50,000 ரூபாய் இருப்பு வைக்க வேண்டும் என்று அறிவித்தது. அது அந்தந்தப் பாங்கின் முடிவு என்று ரிசர்வ் பாங்கு கவர்னர் ஒதுங்கிக் கொண்டார். நாடெங்கும் கண்டனம் எழுந்தது. சில நாட்களிலேயே அது 15,000 ஆக இறங்கியது. ஏழைக்கு இங்கே வேலை இல்லை என்று பலகை மாட்டுவதற்கும் இதற்கும் அதிக வித்தியாசம் இல்லை.

கேட்டால்தான் கிடைக்கும்

அப்படியானால் நம்பிக்கைக்கு இடமே இல்லையா? உண்டு. அது எங்கே இருக்கிறது என்பதையும் அனுபவமே காட்டுகிறது.

ஸ்டேட் பாங்கின் அபராதத்தை எதிர்த்துக் கூச்சல் எழுந்தது, தொகை குறைந்தது, 2020 மார்ச்சில் குறைந்தபட்ச இருப்பு நிபந்தனையே ஒழிந்தது. 2025இன் நடுவில் கனரா பாங்கு, பஞ்சாப் நேஷனல் பாங்கு, இந்தியன் பாங்கு முதலியவையும் அதே வழிக்கு வந்தன.

2025 ஏப்ரலில் ரிசர்வ் பாங்கு நகைக் கடனுக்கு நகல் விதிகளை வெளியிட்டது. நகை மதிப்பில் 75 சதவிகிதத்துக்குள்தான் கடன்; உரிமைக்குச் சான்று வேண்டும்; ரசீது இல்லையென்றால் நகை எப்படி வந்தது என்று எழுதிக் கொடுக்க வேண்டும். நமது கிராமங்களில் விதை நெல்லும் உரமும் பள்ளிக் கட்டணமும் நகை அடகில்தான் நடக்கின்றன. பாட்டி காலத்துச் சங்கிலிக்கு எந்தக் கடையில் ரசீது வாங்குவது? தமிழ்நாட்டில் விவசாயிகள் தெருவில் இறங்கினார்கள்; கட்சிகள் பல குரல் கொடுத்தன. ஜூன் 6ஆம் தேதி இறுதி விதி வந்தது: இரண்டரை லட்சம் ரூபாய் வரையிலான கடனுக்கு 85 சதவிகிதம் வரை கொடுக்கலாம். இரண்டே மாதத்தில் ரிசர்வ் பாங்குக்கு மனம் இளகியதா? இல்லை, ஜனங்கள் பேசினார்கள்.

ஆகவே நமது முடிவு இது. பாங்குக்கு என்று தனியாக மனச்சாட்சி கிடையாது. பணத்துக்குக் கண்ணும் இல்லை, காதும் இல்லை. அதை ஆள்பவர் யாரோ, அவரது மனச்சாட்சியே பாங்கின் மனச்சாட்சி. முதலாளி ஆண்டால் லாபம். அதிகாரி ஆண்டால் சுற்றறிக்கை. ஜனங்கள் விழிப்போடு கண்காணித்தால் மட்டுமே உழவுக்கும் சிறுதொழிலுக்கும் வழி.

நாம் கேட்பது தானமல்ல. எல்லாப் பாங்குகளிலும் குறைந்தபட்ச இருப்பு அபராதம் ஒழிய வேண்டும். முன்னுரிமைக் கடன் காகிதமாக அல்லாமல் பணமாகக் குறு விவசாயியின் கைக்கு வர வேண்டும். பெரிய பாக்கிதாரர்களின் பட்டியலையும், அவர்களுக்கு விட்டுக் கொடுத்த தொகையையும் ஊரறிய வெளியிட வேண்டும். டைரக்டர் போர்டில் ஊழியருக்கும் டிபாசிட்தாரருக்கும் விவசாயிக்கும் உரிய இடம் நிரப்பப்பட வேண்டும். கவுண்டரில் உட்கார்ந்திருக்கும் ஊழியர் நமக்கு எதிரியல்ல. இலக்கு என்ற சாட்டை அவர் முதுகிலும் விழுகிறது. அவரும் நாமும் சேர்ந்து கேட்க வேண்டிய கோரிக்கைகள் இவை.

பாங்கில் இருப்பது நம் பணம். அதன் போக்கைப் பற்றிக் கேட்க நமக்கு உரிமை உண்டு. கேட்போம்.