கரையில் நிற்பவன் வாய் திறக்கட்டும்!

2015 திசம்பர் 1 இரவு, செம்பரம்பாக்கம் ஏரியினின்று நொடிக்கு 29,000 கன அடி நீர் அடையாற்றில் பாய்ந்தது. கரையோரம் வாழ்ந்தோர் வீடிழந்தனர், உயிரிழந்தாரும் உளர். அது மாந்தரால் நேர்ந்த கேடே என்று, 2018இல் சட்டமன்றத்தில் வைக்கப்பெற்ற இந்தியத் தலைமைக் கணக்காய்வாளர் அறிக்கை கூறிற்று. அன்று பிழைத்தார் யார் என்னும் வழக்கினுள் நாம் புகவில்லை. நாம் கேட்பது வேறு.

ஏரியின் ஏற்றத்தையும் கரையின் கசிவையும் முதலில் காண்பவன், மதகடியில் நிற்கும் கடைநிலை ஊழியன். அவன் கண்டது மேலேறுமா? நம் அலுவலகங்களில் கீழோன் சொன்னால் முணுமுணுப்பு. மேலோன் சொன்னால்தான் அறிவு! கைகட்டி வாய்பொத்தி நிற்பதையே பணிவென்று பழக்கிவிட்டோம். பிறப்பில் உயர்வு தாழ்வு கற்பித்த பழங்கேடு, பணிநிலைப் படிக்கட்டாய்க் கோலம் மாறி இன்னும் வாழ்கின்றது. போதாக்குறைக்கு, தமிழ் ஆட்சிமொழிச் சட்டம் 1956இலேயே வந்தும், பொறியியல் துறைகளின் நுட்பக் குறிப்புகள் பெரிதும் ஆங்கிலத்திலேயே உள்ளன. கரையில் நிற்பவன் அவற்றைப் படிப்பது எங்ஙனம்? படித்தவன், கரையில் நிற்பவனைக் கேட்பது என்று?

நீரைத் தேக்கினால் பயிர் வாழும். அறிவைத் தேக்கினால் ஊர் அழியும்.

தமிழ்நெஞ்சீர்! நீவிர் பணியாற்றும் இடத்தில் கடைசி ஊழியனையும் தமிழில் கேளுங்கள். அவன் சொல்லை அவன் பெயரோடு ஏட்டில் பதியுங்கள். அடுத்த மழை நம் படிநிலை பார்த்துப் பெய்யாது!