சின்னக் கார் செய்த குற்றம் என்ன?

"காற்றைக் கெடுப்பவை கார்கள். ஆகவே மலிவு விலைக் கார் வேண்டாம்!" என்றது ஓர் அணி. "ஏழைக்கும் தலைக்கு மேல் ஒரு கூரை வேண்டாமா? ஆகவே மலிவு விலைக் கார் வேண்டும்!" என்றது மற்றோர் அணி. இவ்வாண்டு இலக்கிய மன்றத்தின் சார்பில் எங்கள் வகுப்பில் நடந்த பட்டிமன்றத்தின் பொருள் இதுதான். நடுவராக அமர்ந்த அறிவியல் ஆசிரியை அருட்சகோதரி அவர்கள் இறுதியில் தீர்ப்புக் கூற மறுத்துவிட்டார்கள். "தீர்ப்பை நீங்களே எழுதுங்கள்" என்று சொல்லி மணியை அடித்துவிட்டார்கள். நாங்கள் எழுத முயன்ற தீர்ப்பே இக்கட்டுரை.

இந்த வழக்கு நேற்று இன்று தோன்றியதன்று. 2008 ஆம் ஆண்டு ஜனவரி 10 ஆம் நாள் புது டில்லியில் நடந்த வாகனக் கண்காட்சியில் டாட்டா நிறுவனம் 'நானோ' என்னும் சிறு காரைக் காட்டியது. விலை ஒரு லட்சம் ரூபாய் என்று அறிவித்தது. கொட்டும் மழையில் ஒரே ஸ்கூட்டரில் தாய், தந்தை, பிள்ளைகள் என ஒரு குடும்பமே செல்லக் கண்டதுதான் இந்த எண்ணத்திற்கு வித்து என்று ரத்தன் டாட்டா அவர்கள் கூறினார்கள். அப்போது எங்களில் ஒருத்தியும் பிறந்திருக்கவில்லை. ஆனாலும் அந்த ஸ்கூட்டரை நாங்கள் அறிவோம். இன்றும் காலையில் எங்கள் பள்ளி வாயிலில் வந்து நிற்பது அதே ஸ்கூட்டர்தானே!

நானோவைக் கண்டு நாட்டில் ஒரு பக்கம் மகிழ்ச்சி, மறு பக்கம் அச்சம். வீட்டுக்கு ஒரு கார் என்றானால் சாலை என்னாகும், காற்று என்னாகும், பூமியின் வெப்பம் என்னாகும் என்று சூழலியல் அறிஞர்கள் கவலைப்பட்டனர். ஒரு லிட்டருக்கு 23 கிலோமீட்டருக்கு மேல் ஓடும் வண்டியையா குறை சொல்வது என்று மற்றவர்கள் கேட்டனர். மக்கள் அக்காரை எதிர்பார்த்த அளவுக்கு வாங்கவில்லை. 2018 ஆம் ஆண்டில் அதன் உற்பத்தி நின்றுவிட்டது. ஆனால் விவாதம் மட்டும் நிற்கவில்லை.

வாதத்திற்கு முன் கணக்கைப் பார்ப்போம். ஒரு லிட்டர் பெட்ரோலின் எடை முக்கால் கிலோதான். அது எரிந்தால் வெளிவரும் கரியமில வாயுவோ ஏறத்தாழ 2.3 கிலோ! முக்கால் கிலோ எப்படி இரண்டேகால் கிலோவுக்கு மேல் ஆனது? பெட்ரோலில் உள்ள கரி, காற்றிலுள்ள பிராணவாயுவோடு சேருகிறது. அந்தப் பிராணவாயுவின் எடையே மிகுதி. வேதியியல் பாடத்தில் மதிப்பெண்ணுக்காகப் படித்த சமன்பாடு சாலையில் நம் கண் முன்னே ஓடுகிறது என்றால் மிகையாகாது.

லிட்டருக்கு 20 கிலோமீட்டர் ஓடும் சின்னக் கார் கிலோமீட்டருக்கு 115 கிராம் கரியமில வாயுவை விடும். 10 கிலோமீட்டர் மட்டுமே ஓடும் பெரிய கார் 230 கிராம் விடும். சின்னக் காரில் நால்வர் சென்றால் ஆளுக்கு 29 கிராம். ஒருவரே சென்றால் 115 கிராமும் அவர் தலையில்தான். ஒரு லிட்டர் டீசலில் 5 கிலோமீட்டர் ஓடும் பேருந்தில் 50 பேர் சென்றாலோ ஆளுக்கு ஏறத்தாழ 11 கிராம்தான். லிட்டருக்கு 45 கிலோமீட்டர் ஓடும் ஸ்கூட்டரில் நால்வர் நெருக்கிக்கொண்டு சென்றால் ஆளுக்கு 13 கிராம். அப்படியானால் சின்னக் காரைவிட ஸ்கூட்டரே சிறந்ததா? கரியமில வாயுவின் கணக்கில் ஆம். ஆனால் அந்தக் கணக்கில் மழை இல்லை, மேடு பள்ளம் இல்லை, பின்னால் வரும் லாரியும் இல்லை.

2022 ஆம் ஆண்டில் நம் நாட்டில் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,000 பேருக்கு மேல். அவர்களில் ஏறக்குறைய 44 விழுக்காட்டினர் இரு சக்கர வாகனங்களில் சென்றவர்கள். எங்கள் தோழி ஒருத்தியின் குடும்பமும் சென்ற ஐப்பசி மழையில் ஸ்கூட்டரோடு சறுக்கி விழுந்தது. இறையருளால் உயிருக்குத் தீங்கில்லை. தம்பியின் கைமுறிவோடு போயிற்று. ஆறு வாரம் கட்டுப் போட்ட கையோடு அவன் ஒன்றாம் வகுப்புக்கு வந்ததை நாம் எல்லோரும் பார்த்தோம்.

பட்டிமன்றத்தில் சீட்டுக் குலுக்கியபோது அந்தத் தோழிக்கு விழுந்தது 'மலிவுக் கார் வேண்டாம்' என்னும் அணி. பாவம், எப்படிப் பேசுவாள் என்று நாங்கள் எண்ணினோம். அவள் எழுந்து நின்று, "எங்களுக்குக் கார் வேண்டும் என்று யார் சொன்னது? எங்கள் ஊருக்கு ஆறு நாற்பதுக்கு ஒரு பஸ், அப்புறம் ஒன்பது மணிக்கு ஒரு பஸ். நடுவில் எட்டேகாலுக்கு ஒன்று வந்தால் அப்பா எங்களை ஸ்கூட்டரில் ஏற்றவே மாட்டார்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாள். மூன்று நிமிடப் பேச்சுக்கு அவள் எடுத்துக்கொண்டது அரை நிமிடம். கைதட்டவும் எங்களுக்குத் தோன்றவில்லை.

இனி அரசின் கொள்கைக்கு வருவோம். ஒரு நிறுவனம் விற்கும் கார்கள் சராசரியாக இவ்வளவு கரியமில வாயுவுக்கு மேல் விடக்கூடாது என்னும் விதி நம் நாட்டில் 2017 முதல் இருக்கிறது. முதலில் கிலோமீட்டருக்கு 130 கிராம் என்று இருந்த அளவு, 2022 இல் 113 கிராம் ஆக்கப்பட்டது. நல்ல விதிதான். ஆனால் அதில் ஒரு நுட்பம் உண்டு. கனமான வண்டிகளைச் செய்பவருக்கு வரம்பு சற்றுத் தளரும். இலேசான வண்டிகளைச் செய்பவருக்கு இறுகும். இது பந்தியில் பருத்த பிள்ளைக்கு இரண்டு இலை போட்டுவிட்டு, மெலிந்த பிள்ளையிடம் "சிக்கனமாகச் சாப்பிடு" என்பது போல் இருக்கிறது.

அடுத்த கட்ட விதிகளுக்காக 2025 செப்டம்பரில் வெளியான வரைவு, 909 கிலோவுக்கு மேற்படாத சிறிய பெட்ரோல் கார்களுக்குச் சலுகை கூறியது. உடனே கார் நிறுவனங்களே இரண்டு அணியாகப் பிரிந்தன. சலுகை வேண்டும் என்றனர் சிறு கார் செய்வோர். இலேசான வண்டிக்குத் தனிச் சலுகை தந்தால் பயணிகளின் பாதுகாப்பும் மின்சாரக் கார்களின் வளர்ச்சியும் பின்தங்கும் என்றனர் மற்றவர். எங்கள் பட்டிமன்றம் டில்லி வரை போய்விட்டது போலும்!

எங்கள் தீர்ப்பு இதுதான். முதலாவது, சின்னக் கார் குற்றவாளியன்று. அமெரிக்கர் ஒருவர் ஆண்டுக்கு விடும் கரியமில வாயு ஏறத்தாழ 14 டன். இந்தியர் ஒருவரின் பங்கோ ஏறத்தாழ 2 டன். ஸ்கூட்டரில் நனையும் குடும்பத்தைப் பார்த்து "உலகத்துக்காக இன்னும் கொஞ்சம் நனையுங்கள்" என்று சொல்ல நமக்கு வாய் எப்படி வரும்? இரண்டாவது, அதிகம் புகை விடுபவர் அதிகம் சுமக்க வேண்டும். கனத்திற்காக வரம்பைத் தளர்த்துவது முறையன்று. அதே வேளை, மலிவு என்பதற்காகப் பாதுகாப்பில் ஒரு திருகாணியைக்கூடக் குறைக்கக் கூடாது. மூன்றாவதே முதன்மையானது. சின்னக் கார் சிக்கனமானதுதான். ஆனால் கோடிக்கணக்கில் பெருகினால் சிக்கனமும் வெள்ளமாகும். சிறு துளி பெரு வெள்ளம் என்பது புகைக்கும் பொருந்துமன்றோ? ஆகவே நேரத்துக்கு வரும் பேருந்தே முதல் மருந்து. 2021 முதல் தமிழகத்தில் மகளிர் சாதாரண நகரப் பேருந்துகளில் கட்டணமின்றிச் செல்கிறோம். கட்டணம் நீங்கியது பெரும் உதவி. அந்தப் பேருந்து எட்டேகாலுக்கு வருவதும் உதவியே.

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் அவர்கள் 2015 இல் வெளியிட்ட சுற்றுமடலில், ஓரிருவர் மட்டும் செல்லும் கார்கள் நகரங்களை நிறைப்பதைக் குறிப்பிட்டு, பொதுப் போக்குவரத்தை வலியுறுத்தினார்கள். பூமியின் அழுகையையும் ஏழையின் அழுகையையும் சேர்த்தே கேட்க வேண்டும் என்பது அவர்களது போதனை. எங்கள் இரண்டு அணிகளும் ஆளுக்கு ஓர் அழுகையை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தன.

அன்பான பெற்றோர்களே! கொள்கையை டில்லி எழுதட்டும். மாலை நான்கு மணிக்கு நம் பள்ளி வாயிலைச் சற்றுப் பாருங்கள். ஒரு மகளுக்காக ஒரு கார். குளிர்சாதனம் ஓட வேண்டும் என்பதற்காக நின்ற இடத்திலேயே உறுமும் என்ஜின்கள். அந்தப் புகைக்குள்தான் மற்றப் பிள்ளைகள் பேருந்துக்காக நிற்கிறோம். என்ஜினை நிறுத்துங்கள். ஒரே தெருவிலிருந்து வரும் மூவரை ஒரே வண்டியில் ஏற்றுங்கள். அடுத்த பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்தில், எட்டேகால் பேருந்துக்கான மனுவில் எங்களோடு கையெழுத்திடுங்கள். மனுவை நாங்களே எழுதி வைத்திருக்கிறோம். முதல் கையெழுத்து எங்கள் தோழியுடையது. இரண்டாவது, கோணல்மாணலாக, கை கூடிய அவள் தம்பியுடையது.

— பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி