மெதுவாக வந்தால் வலிக்காதா?

சென்ற ஆண்டு ஒரு நாள், வேலை முடிந்து புலாவ் செபாங்கில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்த அண்ணனின் ஆள்காட்டி விரலில் பெரிய கட்டு. தொழிற்சாலையில் அட்டைப் பெட்டிகளைத் தள்ளும் காற்றழுத்த சிலிண்டரில் விரல் மாட்டிக்கொண்டதாம். "மெதுவாகத்தானே வந்தது, ஒன்றும் ஆகாது என்று நினைத்தேன்" என்றார். பொறியியல் படிக்கும் எனக்கு அந்த வார்த்தை உறுத்தியது. இப்படி நினைப்பவர் அவர் ஒருவர் மட்டுமல்ல.

காற்றழுத்த சிலிண்டர் நமக்குப் புதிதல்ல. பல பேருந்துகளின் கதவை 'உஸ்' என்ற சத்தத்தோடு திறந்து மூடுவது அதுதான். அதில் இரண்டு விஷயங்களைத் தனித்தனியே கட்டுப்படுத்த வேண்டும். ஒன்று விசை, மற்றொன்று வேகம்.

விசை என்பது ஐந்தாம் படிவ இயற்பியலில் நாம் படிக்கும் அழுத்தக் கணக்குதான். காற்றின் அழுத்தத்தைப் பிஸ்டனின் பரப்பளவால் பெருக்கினால் விசை கிடைக்கும். 50 மில்லிமீட்டர் விட்டமுள்ள சிலிண்டருக்கு 6 பார் அழுத்தம் கொடுத்தால் அது ஏறக்குறைய 1,180 நியூட்டன் விசையோடு தள்ளும். 120 கிலோ எடை விரல் மேல் உட்கார்வதற்குச் சமம். ரெகுலேட்டரைத் திருகி அழுத்தத்தை 3 பாருக்குக் குறைத்தால் விசையும் பாதியாகும்.

வேகம் வேறு கதை. சிலிண்டரின் வாயில் உள்ள வேகக் கட்டுப்பாட்டு வால்வின் சிறிய திருகு, காற்று போகும் வழியைக் குறுக்குகிறது. பெரும்பாலும் வெளியேறும் காற்றைத்தான் இப்படித் தடுப்பார்கள். அப்போது பிஸ்டனின் இரு பக்கமும் காற்று தாங்கி நிற்பதால் அது துள்ளாமல் சீராக நகரும்.

அண்ணன் ஏமாந்தது இங்கேதான். நடுவில் விரல் மாட்டி பிஸ்டன் நின்றவுடன், எதிர்ப் பக்கத்தில் தாங்கி நின்ற காற்று அந்தச் சிறு வழியாகவே மெல்ல வெளியேறிவிடும். அதன் பிறகு முழு விசையும் விரல் மேல்தான். வேகத் திருகை எவ்வளவு இறுக்கினாலும் இதில் மாற்றமில்லை. மெதுவாக வருவது வேறு, மென்மையாக வருவது வேறு.

தம்பி தங்கைகளே, எஸ்.பி.எம். முடித்ததும் நம்மில் பலர் தொழிற்கல்லூரிக்கும் தொழிற்சாலைக்கும் போகிறோம். எந்தத் திருகு எதற்கு என்று கேட்க வெட்கப்படாதீர்கள். விசையைக் குறைக்க ரெகுலேட்டரை நாடுங்கள். அல்லது சிறிய சிலிண்டரைப் பொருத்தச் சொல்லுங்கள். கையை உள்ளே விடுமுன் காற்றை அடைத்து, உள்ளே தேங்கியிருப்பதையும் வெளியேற்றுங்கள். நமக்குச் சட்டத்தின் துணையும் உண்டு. திருத்தப்பட்ட 1994ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் 2024 ஜூன் 1 முதல் நடப்பில் உள்ளது. உடனடி ஆபத்து இருப்பதாக நம்பத் தக்க காரணம் இருந்து, முதலாளி அதை நீக்காவிட்டால், அந்த இடத்தைவிட்டு விலகும் உரிமையை அது தொழிலாளிக்குத் தருகிறது.

தோட்டத்தில் பால்மரம் சீவிய எங்கள் தாத்தாவுக்குக் கத்தி எவ்வளவு ஆழம் இறங்கலாம் என்பது அத்துப்படி. யாரும் அவருக்குக் கணக்குச் சொல்லித் தரவில்லை. நமக்குக் கணக்கைப் பள்ளியிலேயே சொல்லித் தருகிறார்கள். அதைத் தேர்வுத் தாளோடு விட்டுவிடாமல் வேலையிடத்துக்கும் கொண்டு போவோம். அண்ணனின் விரல் ஆறிவிட்டது. ஆனால் நகம் இன்னும் சரியாக வளரவில்லை.