பின்னி மில் மண்ணில் ஒரு பங்கு

எங்கள் வீட்டுச் சுவரில் கடிகாரம் இருந்தது; யாரும் அதைப் பார்த்ததில்லை. பின்னி மில் சங்கு ஊதினால் அப்பா சட்டையை மாட்டுவார், அடுத்த சங்குக்கு அம்மா உலை வைப்பாள். ஷிப்டு முடிந்து வரும்போது அப்பாவின் புருவத்திலும் காது மடலிலும் பஞ்சு ஒட்டியிருக்கும். வியாசர்பாடியிலிருந்து மில் கேட்டுக்கு நடந்தே போய்விடுவார். பஸ் சார்ஜ் என்ற செலவே எங்கள் மாதக் கணக்கில் கிடையாது.

1918இல் வாடியாவும் செல்வபதி செட்டியாரும் திரு.வி.க.வும் சென்னைத் தொழிலாளர் சங்கத்தைக் கட்டியது இந்த மில் ஆட்களை வைத்துத்தான். 1921இல் மாதக்கணக்கில் வேலைநிறுத்தம், புளியந்தோப்பில் கலவரம். அப்போதைய வெள்ளைக்கார நிர்வாகம் ஈவு இரக்கம் பார்த்ததல்ல. ஆனால் ஆள் பக்கத்தில் குடியிருந்தால்தான் தறி ஓடும் என்று அதற்குத் தெரிந்திருந்தது. தொழிலாளிகளுக்கு மில்லை ஒட்டியே குடியிருப்புகளும் கட்டிக் கொடுத்தது.

1996இல் மில் மூடப்பட்டது. கொஞ்ச காலம் சினிமா சண்டைக் காட்சிகளுக்கு உதவியது. இன்று அங்கே உயர உயரமான அடுக்குமாடிகள். கடன் வாங்கி வீடு வாங்கியவர்கள் மீது எனக்கு எந்தக் கோபமும் இல்லை. கோபம் விதிகளை எழுதியவர்கள் மீது. 2008இல் வந்த சென்னையின் இரண்டாம் முழுமைத் திட்டத்தில் ஒரு நல்ல வரி இருந்தது: 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனையில் குடியிருப்பு கட்டுபவர், பத்து சதவீத நிலத்தில் குறைந்த வருவாய்க்காரர்களுக்கு வீடு கட்ட வேண்டும், அங்கே முடியாவிட்டால் இரண்டு கிலோமீட்டருக்குள் கட்ட வேண்டும். பிறகு அது கட்டணம் செலுத்தினால் போதும் என்றாகிவிட்டது. பணம் கஜானாவுக்குப் போகும். வீடு எங்கே வரும்?

எங்கே வரும் என்பதை என் பெரியம்மா மகளைக் கேளுங்கள். கால்வாயோரம் இருந்த அவள் வீட்டை எடுத்துவிட்டு, பெரும்பாக்கத்தில் வீடு கொடுத்தார்கள். இங்கிருந்து 25 கிலோமீட்டருக்கு மேல். அவள் தொழிலோ விடியுமுன் காசிமேட்டு ஏலத்தில் மீன் எடுத்து வியாசர்பாடியில் விற்பது. அந்நேரத்துக்கு அங்கிருந்து எந்த பஸ் வரும்? வாரத்தில் நான்கு இரவு எங்கள் வாசலில் பாய் விரித்துப் படுக்கிறாள். தலைமாட்டில் கழுவிக் கவிழ்த்த அன்னக்கூடை. பெரும்பாக்கத்து வீடு பூட்டிக் கிடக்கிறது.

பம்பாயில் இதற்குச் சட்டமே போட்டார்கள். 1991இல் வந்த விதிப்படி, பழைய மில் நிலத்தை மாற்றிக் கட்டினால் மூன்றில் ஒரு பங்கு மாநகராட்சிக்கு, ஒரு பங்கு பொதுக் குடியிருப்புக்கு, மிச்சம்தான் முதலாளிக்கு. 2001இல் அதில் ஒரு திருத்தம்: கட்டடம் இல்லாத வெற்று நிலத்துக்கு மட்டுமே இந்தப் பங்கு. மில் நிலம் என்றாலே பெரும்பகுதி கட்டடம்தானே! 2006இல் உச்ச நீதிமன்றமும் அந்தத் திருத்தத்தை ஏற்றது. அப்படித் தேய்ந்த விதியிலும் மில் தொழிலாளிகளுக்குக் குலுக்கல் முறையில் ஆயிரக்கணக்கான வீடுகள் கிடைத்தன. நமக்கு அந்தத் தேய்ந்த விதிகூட இல்லை.

இப்போதெல்லாம் மொட்டை மாடியில் நாலு சோலார் பலகை வைத்தால் பசுமைக் கட்டடம் என்கிறார்கள். வேலைக்கு நடந்து போக முடிகிற வீட்டைவிடப் பசுமையானது எது? ஆனால் பக்கத்தில் கிடைத்தால் மட்டும் போதாது. புளியந்தோப்பு கே.பி. பார்க் அரசுக் குடியிருப்பில் 2021இல் புது வீட்டுச் சுவரின் பூச்சு கையால் தொட்டாலே உதிர்ந்தது, ஐ.ஐ.டி. வந்து சோதிக்க வேண்டியதாயிற்று. ஆலை மண்ணுக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. தண்டையார்பேட்டையில் 2013இல் எண்ணெய்க் குழாய் கசிந்து போர் தண்ணீரில் பெட்ரோல் வாடை அடித்ததை மறந்துவிட முடியாது. மண்ணைத் தோண்டிப் பார்த்து, சுத்தம் செய்த பிறகே அஸ்திவாரம் போட வேண்டும். அந்தச் செலவு நிலத்தைக் கெடுத்தவர் தலையில்தான் விழ வேண்டும்.

சென்னைக்கு மூன்றாம் முழுமைத் திட்டம் தயாராகிறது. தண்டையார்பேட்டையிலிருந்து எண்ணூர் வரை எந்த ஆலை நிலத்தைக் குடியிருப்பாக மாற்ற அனுமதி கேட்டாலும், மூன்றில் ஒரு பங்கு அதே இடத்தில் ஏழைகளின் வீட்டுக்கு என்று அதில் எழுதுங்கள். அதற்குப் பதிலாகப் பணம் கட்டலாம் என்ற வரியை மட்டும் சேர்க்காதீர்கள்.