யாருக்குப் பாடுகிறாய்?

“பதினாறு பாரில் பாட வேண்டுமாமே, சார்?” என்று கேட்டபோது அவர் முகத்தில் அப்படியொரு கலவரம். தாராவியில் தொண்ணூறு அடிச் சாலைக்குப் பின்னால் தோல் பை தைக்கும் சிறிய பட்டறை அவருடையது. பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். மும்பையில் முப்பது வருஷம் கழித்தவருக்கு ‘பார்’ என்றதும் எது நினைவுக்கு வரும்? 2005இல் மகாராஷ்டிர அரசு டான்ஸ் பார்களுக்குத் தடை போட்டதும், வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனதும் இந்த ஊரில் டீக்கடை வரை அலசப்பட்ட கதை. கல்லூரியில் முதல் வருஷம் படிக்கும் மகளை இப்படிக் கூப்பிடுகிறார்களே என்று பதறிப்போய், மாட்டுங்காவில் இருக்கும் என் வீட்டுக்கு அந்த ஆங்கில அறிவிப்போடு வந்துவிட்டார். மொழிபெயர்ப்பாளன் என்று பெயர் வாங்கிவிட்டால் ரேஷன் கார்டு விண்ணப்பம் முதல் இது வரை எல்லாம் நம்மிடம்தான் வரும்.

விஷயம் இதுதான். ஒரு குழு புதிதாக இசை நாடகம் போடுகிறது. பாடி நடிக்கத் தெரிந்தவர்களைத் தேர்ந்தெடுக்கிறது. எந்த மொழியிலும் பாடலாம். ஆனால் 16 பார் மட்டுமே. மேற்கத்திய இசையில் பார் என்பது தாளக் கணக்கில் ஒரு கட்டம். பெரும்பாலான பாட்டுகளில் ஒரு கட்டத்துக்கு நான்கு அடி. ஆக 64 அடி. நம் ஆதி தாளத்தில் எட்டு ஆவர்த்தனம். துள்ளலான பாட்டென்றால் அரை நிமிஷம், நிதானமான பாட்டென்றால் ஒரு நிமிஷம். அதற்குள் ஒரு பெண் தன்னைக் காட்டியாக வேண்டும்.

விளக்கியதும் அவருக்கு உயிர் வந்தது. அடுத்த கேள்வி உடனே பிறந்தது: “அப்போ எந்தப் பாட்டு சார் பாடலாம்?”

தாராவியில் இந்தக் கேள்வி புதிது. மித்தி நதிக்கு இந்தக் கரையில் தாராவி, அந்தக் கரையில் பாந்த்ரா-குர்லா வளாகம். அங்கே நீதா முகேஷ் அம்பானி கலாசார மையம் 2023 மார்ச் 31 அன்று திறக்கப்பட்டது. 2,000 பேர் உட்காரும் அரங்கில் அதே வருஷம் மே மாதம் ‘தி சவுண்ட் ஆஃப் மியூசிக்’ வந்து இறங்கியது. அதற்கு முன்பே, 2016இல், 1960ஆம் வருஷத்து ‘முகல்-ஏ-ஆஸம்’ படத்தை ஃபெரோஸ் அப்பாஸ் கான் நரிமன் பாயிண்டில் மேடையேற்றினார். அதில் அனார்கலி வாயசைக்கவில்லை. ஆடிக்கொண்டே சொந்தக் குரலில் பாடினார். பின்னணிப் பாடகர்களை நம்பியே வளர்ந்த ஊரில், பாடவும் நடிக்கவும் தெரிந்தவர்களுக்கு மறுபடியும் வேலை வந்திருக்கிறது.

மறுபடியும் என்று சொல்லக் காரணம் உண்டு. மராத்தி சங்கீத நாடகம் 1880இல் அண்ணாசாகேப் கிர்லோஸ்கரின் ‘சாகுந்தல’த்தோடு தொடங்கியது. பெண் வேஷம் கட்டிப் பாடிய பால கந்தர்வர் (1888-1967) பாட்டுக்காகவே ஜனங்கள் திரண்டார்கள். நம் பக்கம் சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் சிறுவர்களை வைத்துத் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபாவைத் தொடங்கினார். மைக் இல்லாத காலம். கடைசி வரிசையில் தரை டிக்கெட்டில் உட்கார்ந்திருப்பவன் காதுக்கும் எட்ட வேண்டும். எனவே பாய்ஸ் கம்பெனிகளில் பையனின் குரல்தான் அவனுடைய சோறு. மகரக்கட்டு வந்து குரல் உடைந்தால் வேஷம் போய்விடும். பி.யு. சின்னப்பாவே அப்படிக் கம்பெனியை விட்டு வெளியேறி, குஸ்தி, சிலம்பம் என்று சுற்றிவிட்டுத்தான் பிறகு பாட்டுக்குத் திரும்பினார்.

ஆகவே ‘எந்தப் பாட்டு?’ என்பது பிராட்வேக்காரர்கள் கண்டுபிடித்த தலைவலி அல்ல. நம் ஸ்பெஷல் நாடக நடிகர்களுக்கு அது தினப்படிச் சங்கடம். ராஜபார்ட் ஓர் ஊர், ஸ்திரீபார்ட் வேறு ஊர். ஒத்திகை கிடையாது. ராத்திரி மேடையில்தான் சந்திப்பு. வள்ளியும் நாரதரும் தர்க்கத்தில் இறங்கினால், எதிராளி பாடி முடிக்கும் முன் பதிலுக்கான பாட்டைத் தேடி எடுத்தாக வேண்டும். ராகம் தெரிந்தால் மட்டும் போதாது. அந்த இடத்தில் அந்த ஆள் என்ன கேட்கிறான், இவள் என்ன சொல்ல வேண்டும் என்பது தெரிய வேண்டும். எஸ்.ஜி. கிட்டப்பாவும் கே.பி. சுந்தராம்பாளும் மேடையில் எதிரெதிரே நின்றபோது ஜனங்கள் கேட்டது வெறும் சங்கீதத்தை அல்ல. பேச்சு பாட்டாக மாறுவதை.

இதையெல்லாம் சொன்னேன். அவர் வீட்டில் அதற்குள் மூன்று கட்சிகள் உருவாகியிருந்தன. அப்பாவுக்கு டி.எம்.எஸ். பாடிய பக்திப் பாட்டு. உச்சத்தில் நிற்கும், கைதட்டல் நிச்சயம். செம்பூரில் இருக்கும் பாட்டு வாத்தியாரம்மாவுக்குத் தியாகராஜர் கீர்த்தனை. எட்டு வருஷப் படிப்பு தெரிய வேண்டாமா? பெண்ணுக்கோ செல்போனில் கேட்டுக் கேட்டு உருவேற்றிய ஆங்கிலப் பாட்டு. அவர்கள் பாஷையில் பாடினால்தானே அவர்களுக்குப் பிடிக்கும்?

மூன்றிலும் நியாயம் இருக்கிறது. மூன்றும் தவறு என்றுதான் எனக்குப் பட்டது. உச்சஸ்தாயி, நல்ல நாளில் வரும், சளி பிடித்த நாளில் வராது. காலை பத்து மணிக்கு, வரிசையில் இரண்டு மணி நேரம் நின்ற பிறகும் தவறாமல் வரும் சுரம் எதுவோ அதுவே நம்முடைய உச்சம். கீர்த்தனை சங்கதி சங்கதியாக விரிவது. எட்டு ஆவர்த்தனத்தில் பல்லவியைத் தாண்டுவதே பாடு. ஆங்கிலப் பாட்டோ உலகமே கேட்டது. நீதிபதிகள் காதில் அசல் குரல் ஓடிக்கொண்டிருக்கும். நம் பெண் அதன் நகலாகத்தான் தெரிவாள். போடப்போகும் நாடகத்திலிருந்தே, அவர்கள் கேட்காமல், பாட்டை எடுப்பதும் இதே காரணத்தால் ஆபத்து. அவர்கள் மனசில் ஏற்கெனவே ஒரு வடிவம் இருக்கும்.

நானும் சும்மா இல்லை. நாலாவது கட்சியாக வள்ளியைச் சிபாரிசு செய்தேன். தினைப்புனத்தில் பறவை ஓட்டும் பெண், அந்நேரம் வந்து நிற்கும் அந்நியன். மேடைக்கு இதைவிட என்ன வேண்டும்? அந்தப் பெண் சிரித்தாள். “அங்கிள், நான் தாராவியில் பிறந்தவள். தினைப்புனத்தையே பார்த்ததில்லை.” தமிழ் முதுகலை படித்தவனுக்கு இது தேவைதான்.

“சரி, வீட்டில் யாரும் சொல்லாமலே நீயாகப் பாடுவது எது?” என்றேன். தயங்கினாள். பிறகு ஒரு பழைய சினிமாத் தாலாட்டைச் சொன்னாள். “யாருக்குப் பாடுவாய்?” “தம்பிக்கு. அம்மா ராத்திரி சமையல் வேலைக்குப் போய்விடுவாள். ஏணி ஏறினால் மேலே எங்கள் ரூம். கீழே அப்பாவின் மிஷின் ஓடும். மிஷின் சத்தத்துக்கு மேலே அவனுக்குக் கேட்கணும். ஆனால் அவன் தூங்கவும் வேண்டும்.”

பாட்டு வாத்தியாரம்மாவே இப்படியொரு பயிற்சியைக் கொடுத்திருக்க முடியாது. உரக்கப் பாட வேண்டும், ஆனால் மென்மை கெடக் கூடாது. முதல் அடிகளில் ‘சீக்கிரம் தூங்கேண்டா’ என்ற அலுப்பு, நடுவில் அது கரைந்து, முடிவில் வெறும் பாசம். ஒரு நிமிஷத்துக்குள் ஓர் ஆள் மாறுவது தெரிகிறது. நாடகக்காரர்கள் தேடுவது அதைத்தான். குரலை அவர்கள் முதல் நாலு அடியிலேயே அளந்துவிடுவார்கள். மிச்ச நேரமெல்லாம் இவள் யாரிடமோ எதையோ சொல்கிறாளா என்றுதான் பார்ப்பார்கள்.

அப்புறம் நடந்ததெல்லாம் தையல் வேலை. கரோக்கி டிராக் அசல் பாடகியின் சுருதியில் இருந்தது. இவளுக்கு ஐந்து கட்டைதான் சௌகரியம். பியானோக்காரரிடம் கட்டை என்றால் புரியாது, ‘ஜி’ என்று சொல்ல வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். டிராக்கையும் அந்தச் சுருதிக்கு மாற்றிச் செல்போனில் ஏற்றிக்கொண்டாள். நீளமான முன்னிசையை வெட்டி, சரணத்தில் தொடங்கிப் பல்லவியில் முடிக்கும்படி வைத்தோம். கேட்டால் பாட, இதற்கு நேர்மாறான ஒரு துள்ளல் பாட்டையும் தயார் செய்தாள்.

தமிழ் தெரியாதவர்களுக்காக, பாட்டின் பொருளை ஆங்கிலத்தில் இரண்டே வரியில் எழுதித் தரச் சொன்னாள். அதுதான் எனக்குச் சிரமமாக இருந்தது. அகராதிப்படி எழுதினால் நிலாவும் தென்றலும் வந்து நின்றன. கடைசியில், ‘வேலைக்குப் போன தாய் திரும்பும் வரை, ஒரு சிறுமி தம்பியைத் தூங்க வைக்கிறாள்’ என்று எழுதினேன். பாட்டில் இல்லாத வரி. ஆனால் அவள் பாடியது அதைத்தான்.

போன வாரம் போய்ப் பாடிவிட்டு வந்தாள். இரண்டாவது பாட்டையும் கேட்டார்களாம். முடிவு இன்னும் தெரியவில்லை. கதவுக்கு வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்த அப்பா, மறுநாள் தகவல் சொல்ல வந்தார். மகள் எப்படிப் பாடினாள் என்று நான் கேட்டதற்கு அவர் பதில் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னார்: “அந்த நேரத்துக்கு மிஷினை நிறுத்தி வைத்திருக்கலாம், சார். எனக்குத் தோணவே இல்லை.”