சூட்டுக்கு ஒரு வடிகால்

2024 ஏப்ரல் மாதத்துக் கடைசி ஞாயிறு. பெங்களூரில் அன்று வெயில் 38.5 டிகிரி. 2016 ஏப்ரலில் பதிவான 39.2 டிகிரிக்கு அடுத்தபடியாக ஏப்ரல் மாதத்தில் இந்த ஊர் கண்ட பெரிய வெயில் அது. பிற்பகல் மூன்று மணிக்கு யாரோ கதவைத் தட்டினார்கள். ஜீவனஹள்ளியில் எங்கள் வீட்டுக்கு மேலே, மொட்டை மாடியில் ஷீட் போட்ட ஒற்றை அறையில் குடியிருக்கும் பையன். "அக்கா, உங்க லேப்டாப்பை ரெண்டு நாளைக்குக் கொடுப்பீங்களா? என் மெஷின் போயிடுச்சு" என்றான். அவன் சட்டையில் எரிந்த பிளாஸ்டிக் நாற்றம்.

பையன் என்று சொல்கிறேனே தவிர, வயது இருபத்து நான்கு. இன்னும் அஸ்திவாரம்கூடத் தோண்டாத அடுக்குமாடி வீடுகளைக் கம்ப்யூட்டரில் கட்டிக் காட்டுவது தொழில். வாங்கப் போகிறவர்கள் சோபாவில் உட்கார்ந்தபடி, இல்லாத பால்கனியில் நின்று இல்லாத மரங்களைப் பார்க்கலாம். ஒரு நிமிடப் படத்துக்கு அவன் மெஷின் ராத்திரி முழுவதும் கணக்குப் போட வேண்டும். அந்தக் கணக்கைப் போடுவது கிராபிக்ஸ் கார்டு. புதிதாக வாங்க வசதியில்லாமல், 28 ஆயிரம் ரூபாய்க்குப் பழைய கார்டு ஒன்றை வாங்கியிருந்தான்.

பழைய கார்டுகளுக்கு ஒரு பூர்வகதை உண்டு. ஈதர் என்ற டிஜிட்டல் நாணயத்தை 'வெட்டியெடுக்க' உலகெங்கும் இந்தக் கார்டுகளை வரிசை வரிசையாக அடுக்கி இரவு பகலாக ஓட்டினார்கள். 2022 செப்டம்பர் 15 அன்று அந்த நாணயத்தின் முறையே மாறிவிட்டது. கார்டுகளுக்கு வேலை போயிற்று. வேலை போனவை துடைத்துப் பளபளப்பாக்கப்பட்டு விற்பனைக்கு வந்தன. இவன் வாங்கியது அப்படிப்பட்டதா என்பது விற்றவருக்கே வெளிச்சம். அவர் "வீட்டில் கேம் ஆடினது சார்" என்றாராம்.

அந்தக் கார்டைத்தான் இவன் 'ஓவர்கிளாக்' செய்தான். தயாரித்தவர் வைத்த வேகத்துக்கு மேலே ஓட்டுவதற்கு அந்தப் பெயர். ஒப்புக்கொண்ட தேதி நெருங்கினால் யாருக்குத்தான் அந்த ஆசை வராது? ஆனால் சில்லின் வேகத்தைக் கூட்ட வேண்டுமானால், அதற்குப் போகும் வோல்ட்டேஜையும் கூட்ட வேண்டியிருக்கும். அது தின்னும் மின்சாரம் வேகத்தின் விகிதத்தில் ஏறும். வோல்ட்டேஜின் விகிதத்தில் அல்ல, அதன் வர்க்கத்தின் விகிதத்தில் ஏறும். வேகம் பத்து சதம், வோல்ட்டேஜ் பத்து சதம் என்று கூட்டினால் மின்சாரம் 33 சதம் கூடுகிறது. அத்தனையும் கடைசியில் சூடு.

இது அவனுக்குத் தெரியாததல்ல. தெரிந்துதான் எஸ்.பி. ரோட்டில் அலைந்து ஒரு தண்ணீர் கூலர் வாங்கிவந்தான். கார்டோடு வந்த விசிறிகளையும் அலுமினியத் தகடுகளையும் கழற்றிவிட்டு, தண்ணீர் ஓடும் தாமிரக் கட்டியைச் சில்லின் தலையில் பொருத்தினான். தெருவில் குடங்கள் டேங்கர் லாரிக்காக வரிசையில் நின்ற கோடை அது. "மனுஷங்களுக்கு இல்லாத தண்ணி உன் கம்ப்யூட்டருக்கா?" என்று நான்கூடக் கேலி செய்தேன். "உள்ளேயே சுத்துற தண்ணி அக்கா, செலவே ஆகாது" என்றான். 80 டிகிரி காட்டிக்கொண்டிருந்த திரை 61 டிகிரி என்று காட்டியது. ஒரு வாரம் பெருமையாக இருந்தான்.

புகை வந்தபோதும் திரையில் 61 டிகிரிதான்.

எரிந்தது சில்லு அல்ல, அதற்கு மின்சாரம் ஊட்டும் பகுதி. கார்டுக்குள் வருவது 12 வோல்ட். சில்லுக்கு வேண்டியது ஏறக்குறைய ஒரு வோல்ட். 12-ஐ ஒன்றாக்கும் வேலையைச் சில்லைச் சுற்றி வரிசையாக நிற்கும் குட்டி டிரான்சிஸ்டர்களும் சுருள்களும் மின்தேக்கிகளும் செய்கின்றன. சில்லுக்கு 250 வாட் வேண்டுமென்றால், ஒரு வோல்ட்டில் அது 250 ஆம்பியர். வீட்டில் கீசருக்கென்று தனியாக வைக்கும் பெரிய பிளக்கே 16 ஆம்பியர்தான். அத்தனை ஆம்பியரும் கட்டைவிரல் நகம் அளவுகூட இல்லாத சில்லறைச் சாமான்கள் வழியாகப் போகிறது.

இந்த மாற்றத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு தேறினாலும், மீதி கிட்டத்தட்ட 28 வாட் அங்கேயே சூடாகத் தங்கும். ரேடியோ ரிப்பேர் கடையில் ஈயம் உருக்கும் பற்றுக்கோல் 25 வாட்தான். இந்த டிரான்சிஸ்டர்களுக்கு ஒரு கெட்ட குணமும் உண்டு. சூடேற ஏற இவற்றின் மின்தடை கூடும். தடை கூடக் கூட இன்னும் சூடேறும். பழைய விசிறி இருந்தபோது அந்தக் காற்று கார்டு முழுவதும் அடித்து, இவற்றையும் போகிற போக்கில் ஆற்றிவிட்டுப் போயிற்று. தண்ணீர்க் கட்டி வந்ததும் சில்லுக்கு ராஜ உபசாரம். பக்கத்தில் நின்ற ஊழியர்களுக்கு இருந்த காற்றும் நின்றது. பல கார்டுகளில் இந்தப் பகுதியின் சூட்டைத் திரையில் காட்ட வழியே கிடையாது. இவனுடையதும் அப்படித்தான். அளக்காத சூடு இல்லாத சூடு என்று நினைத்துவிட்டான்.

ஊழியர் விழுந்தால் ராஜாவும் பிழைப்பதில்லை. 12 வோல்ட்டைத் தடுத்து நிறுத்த வேண்டிய டிரான்சிஸ்டர் உருகி ஒட்டிக்கொண்டால், ஒரு வோல்ட்டுக்குப் பழகிய சில்லின் மேல் 12 வோல்ட்டும் பாயும். எஸ்.பி. ரோட்டில் ரிப்பேர்காரர் மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். சில நூறு ரூபாய்ச் சாமான் போய், 28 ஆயிரத்தையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது.

பெரிய கம்பெனிகளும் இதில் சறுக்கியிருக்கின்றன. 2016-ல் அமெரிக்காவின் இவிஜிஏ நிறுவனம் விற்ற ஜிடிஎக்ஸ் 1080, 1070 வரிசைக் கார்டுகள் சிலவற்றில் இதே மின்சாரப் பகுதி மிதமிஞ்சிச் சூடாகிறது என்று புகார் எழுந்தது. சூட்டைக் கடத்தும் மெத்தென்ற பட்டைகளைக் கேட்டவர்களுக்கு இலவசமாக அனுப்பிவைத்தது நிறுவனம். விசிறி இன்னும் வேகமாகச் சுற்றும்படி கார்டின் மென்பொருளையும் மாற்றிக் கொடுத்தது. அவ்வளவுதான் மருந்து: ஒரு பட்டை, கொஞ்சம் காற்று.

பட்டை எதற்கு? டிரான்சிஸ்டரின் தலைக்கும் மேலேயுள்ள உலோகத்துக்கும் நடுவே முடியளவு இடைவெளி இருந்தாலும் அதில் காற்று புகுந்துகொள்ளும். காற்றைவிடத் தாமிரம் சுமார் 15,000 மடங்கு நன்றாகச் சூட்டைக் கடத்துகிறது. எத்தனை பெரிய தாமிரத்தை மேலே வைத்தாலும், நடுவில் காற்று நின்றால் பயனில்லை. அந்த இடைவெளியை அடைக்கத்தான் பட்டை. அதன் கனமும் முக்கியம். மெலிந்தால் டிரான்சிஸ்டரைத் தொடாது. தடித்தால் உலோகத்தைத் தூக்கிப் பிடித்து, சில்லின் மேல் அது சரியாக உட்காராமல் செய்துவிடும்.

அந்த வாரம் அவன் தாத்தா ராபர்ட்சன்பேட்டையிலிருந்து வந்திருந்தார். கோலார் தங்கவயலில், சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். ஜீவனஹள்ளி, காக்ஸ் டவுன் பக்கம் இப்படித் தங்கவயல் உறவு உள்ள தமிழ்க் குடும்பங்கள் நிறைய. 2001-ல் மூடப்பட்ட அந்தச் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம். அடி மட்டங்களில் பாறையின் சூடு 60 டிகிரியைத் தாண்டும். மேலே இயந்திரம் வைத்துக் குளிர்வித்த காற்றைக் கீழே அனுப்பினார்கள். பேரன் கருகிய கார்டைக் காட்டி விளக்கியதைப் பொறுமையாகக் கேட்டுவிட்டுத் தாத்தா சொன்னார்: "ஷாஃப்ட் பக்கம் குளுகுளுன்னு காத்து வரும்டா. ஆளு மயங்கி விழறது அங்க இல்ல. முட்டுச்சந்து மாதிரி கடைசி முனை இருக்கும் பாரு, அங்கதான். காத்து அங்க வரைக்கும் போகுதான்னு மொதல்ல பார்க்கணும்."

ஒரு முறை கம்ப்யூட்டர் கையேடு ஒன்றைத் தமிழாக்கும் வேலை எனக்கு வந்தது. 'ஹீட் சிங்க்' என்ற சொல்லில் இரண்டு நாள் நின்றேன். 'வெப்ப உறிஞ்சி' என்று எழுதிக் கொடுத்தேன், அச்சிலும் வந்துவிட்டது. அது தப்பு என்று இப்போது தோன்றுகிறது. உறிஞ்சுவதோடு அதன் வேலை முடிவதில்லை. 'சூட்டு வடிகால்' என்று எழுதியிருக்கலாம். வடிகால் என்றால், வடிவது எங்கே போய்ச் சேருகிறது என்ற கேள்வி உடனே வரும்.

போய்ச் சேருவது அந்த அறையில்தான். விசிறியானாலும் சரி, சுற்றும் தண்ணீரானாலும் சரி, அறையின் சூட்டுக்குக் கீழே எதையும் இறக்க முடியாது; அதற்கு ஃப்ரிஜ் போலக் கம்ப்ரசர் வேண்டும். அறை 25 டிகிரியிலிருந்து 38 ஆனால், கார்டின் ஒவ்வொரு உறுப்பும் குறைந்தது 13 டிகிரி மேலே போகும். வீடுகளில் மின்விசிறிகூடத் தேவைப்படாத ஊர் என்று பெங்களூரைச் சொன்ன காலம் உண்டு. ஷீட் போட்ட மாடி அறையில், ஏப்ரல் மாதத்தில், அந்தக் கணக்கு செல்லாது.

அந்தக் கட்டட வேலை வேறொருவருக்குப் போய்விட்டது. அம்மா சீட்டுப் பணத்தை எடுத்துக் கொடுக்க, மறுபடியும் ஒரு பழைய கார்டு வாங்கியிருக்கிறான். இந்த முறை அதன் பழைய விசிறிகளைக் கழற்றவில்லை. தூசு தட்டினான், காய்ந்து போயிருந்த பட்டைகளை அதே கனத்தில் புதிதாக மாற்றினான். வோல்ட்டேஜைக் கூட்டாமல், தயாரித்தவர் வைத்ததைவிடக் கொஞ்சம் குறைத்து வைத்தான். ஒரு நிமிடப் படத்துக்கு அரைமணி கூடுதலாகிறதாம். "பரவால்லக்கா, எரியாம இருந்தா போதும்" என்கிறான். ராத்திரி பத்துக்கு ஆரம்பித்து, விடியும்போது நிறுத்திவிடுகிறான்.

மெஷின் ஓடும்போது அறைக் கதவை அகலத் திறந்து வைக்கிறான். ராத்திரி துணி எடுக்க மொட்டை மாடிக்குப் போனால், கடைசிப் படியிலேயே சூடான காற்று முகத்தில் அடிக்கிறது. வடிகால் இப்போது எங்கள் மாடிப்படிக்கு வந்து சேர்ந்திருக்கிறது.