ஹூண்டாய் அனுப்பிவிட்டது, டொயோட்டா ஜெயித்தது: புதிய ராலி ஓட்டுநருக்கு எத்தனை வருஷம் கொடுக்கணும்?

2025 ஜூலையில் எஸ்டோனியா ராலியை ஆலிவர் சோல்பெர்க் வென்றபோது அவருக்கு வயது 23. அந்த ஒரு போட்டிக்காக மட்டும்தான் டொயோட்டா தன் முதல்தரக் காரை அவரிடம் கொடுத்திருந்தது. முழு சீசனும் ஓட்டும் அனுபவசாலிகளை எல்லாம் அவர் பின்னுக்குத் தள்ளினார். இதே இளைஞரைத்தான் 2022 சீசன் முடிவில் ஹூண்டாய் அணி வேண்டாம் என்று அனுப்பியிருந்தது. இடைப்பட்ட காலத்தை அவர் இரண்டாம் நிலைப் பிரிவான டபிள்யூஆர்சி-2ல் கழித்தார். 2025ல் அந்தப் பிரிவின் பட்டத்தையும் வென்றார். 2026 சீசனுக்கு டொயோட்டா அவரை முழுநேர ஓட்டுநராகவே எடுத்துக்கொண்டது.

ஹூண்டாய் அவசரப்பட்டதா, அல்லது வெளியே அனுப்பப்பட்டதால்தான் சோல்பெர்க் தேறினாரா? ராலி உலகில் இது பழைய விவாதம். கோவை, திருப்பூர் வட்டாரத்துக்கும் இதில் சம்பந்தம் உண்டு. இந்தியாவின் மோட்டார் பந்தய வரலாற்றில் பாதி இந்த மண்ணில்தான் எழுதப்பட்டது.

ஃபேக்டரி டீம்னா என்ன?

கார் தயாரிக்கும் நிறுவனமே பணம் போட்டு, காரை உருவாக்கி, ஓட்டுநருக்குச் சம்பளம் கொடுத்து நடத்தும் அணிதான் ஃபேக்டரி டீம். உலக ராலி சாம்பியன்ஷிப்பின் உச்சப் பிரிவில் அண்மைக் காலமாக டொயோட்டா, ஹூண்டாய், ஃபோர்டு கார்களை ஓட்டும் எம்-ஸ்போர்ட் ஆகிய மூன்று அணிகளே இருக்கின்றன. இவற்றில் எம்-ஸ்போர்ட் தனியார் நிறுவனம், ஃபோர்டின் ஆதரவோடு இயங்குகிறது. மூன்று அணிகளையும் கூட்டினால் பத்துச் சொச்சம் கார்கள்தான் தேறும். உலகம் முழுக்க உள்ள இளைஞர்கள் அந்தப் பத்து இருக்கைகளுக்குத்தான் வரிசையில் நிற்கிறார்கள்.

கத்துக்க ஏன் இவ்வளவு நாளாகுது?

சர்க்யூட் பந்தயத்தில் ஒரே பாதையை நூறு முறை சுற்றலாம். ராலியில் அது கிடையாது. ஒவ்வொரு கட்டத்தையும் போட்டிக்கு முன்பு இரண்டே முறை, மெதுவான வேகத்தில் பார்த்துவர அனுமதி உண்டு. அப்போது ஓட்டுநர் சொல்லச் சொல்ல, பக்கத்தில் இருக்கும் கோ-டிரைவர் குறிப்பெடுப்பார். வளைவு எவ்வளவு இறுக்கம், அடுத்த வளைவுக்கு எத்தனை மீட்டர், மேட்டுக்கு அந்தப் பக்கம் என்ன என்பதெல்லாம் அதில் இருக்கும். இதுதான் பேஸ் நோட்ஸ். போட்டி நாளில் ஓட்டுநர் கண்ணை நம்பி ஓட்டுவதைவிடக் காதை நம்பி ஓட்டுவதே அதிகம்.

இந்தக் குறிப்பு சரியாக அமையவே சில ஆண்டுகள் பிடிக்கும். மான்டே கார்லோவில் பனிப்படலம், ஸ்வீடனில் வெண்பனி, கென்யாவில் புழுதியும் சேறும், பின்லாந்தில் காரைத் தூக்கிப்போடும் மேடுகள் என்று தரை மாறிக்கொண்டே இருக்கும். 2025 சீசனில் 14 சுற்றுகள் நடந்தன. ஒவ்வொரு சுற்றிலும் நேரம் கணக்கிடப்படும் பாதை சுமார் 300 கி.மீ. கென்யாவில் செய்த தப்பைத் திருத்த வேண்டுமானால் அடுத்த கென்யா ராலிக்கு ஒரு வருஷம் காத்திருக்க வேண்டும். முதல் சீசன் முடியும்போது புதியவர் ஒவ்வொரு ஊரையும் ஒரே ஒரு தடவைதான் பார்த்திருப்பார். அவரை அந்தக் கணக்கை வைத்து எடைபோடுவது, முதல் வாரத்தில் தைத்த பனியனை வைத்து டெய்லரை எடைபோடுவது மாதிரிதான்.

பீஸ் ரேட்டா, ஷிப்ட் கூலியா?

திருப்பூர் வாசகர்களுக்கு இதைச் சுலபமாகச் சொல்லிவிடலாம். பனியன் கம்பெனியில் கைமடியாகச் சேர்ந்தவர் மறுநாளே ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்து சம்பாதிக்க முடியாது. பழகும் காலத்தில் அவரை பீஸ் ரேட்டில் விட்டால் கைக்கு ஒன்றும் நிற்காது. ஷிப்ட் கூலி கிடைத்தால்தான் அவர் தாக்குப்பிடிப்பார். அதாவது, பழகுவதற்கான செலவை யாராவது ஒருவர் ஏற்றாக வேண்டும்.

ராலி அணிகளும் இப்படி இரண்டு வகைதான். ஒவ்வொரு போட்டியின் முடிவையும் எண்ணி இருக்கையைத் தீர்மானிப்பது பீஸ் ரேட். இத்தனை போட்டிகள் உனக்கு உறுதி, அதுவரை கற்றுக்கொள் என்பது ஷிப்ட் கூலி.

அணிகள் ஏன் பீஸ் ரேட்டுக்குப் போகின்றன என்பதற்கும் காரணம் உண்டு. தயாரிப்பாளர் பட்டத்துக்கு ஓர் அணி மூன்று கார்களை நியமிக்கலாம், அவற்றில் முதலில் வரும் இரண்டின் புள்ளிகளே சேரும். முன்னணி ஓட்டுநர் ஒருவரின் கார் நின்றுபோனால் மூன்றாமவரை நம்பித்தான் பட்டமே இருக்கும். அவர் அந்த நேரம் பார்த்து காரை மரத்தில் மோதிவிட்டால் தலைமையகத்தில் கேள்வி எழும். அதிலும் சிறிய அணிகளுக்கு உடைந்த கார் ஒவ்வொன்றும் பெரும் செலவு.

அவகாசம் கொடுத்தவர்களும் கொடுக்காதவர்களும்

ஷிப்ட் கூலி முறையைத் திட்டமிட்டுச் செய்தது டொயோட்டா. ஜப்பானின் தகமோட்டோ கட்சுடாவை 2015ல் தன் பயிற்சித் திட்டத்தில் சேர்த்தது. அவர் ஃபார்முலா-3 சர்க்யூட்டில் இருந்து வந்தவர், ராலிக்குப் புதியவர். உலக ராலியில் அவர் முதல்முறை மேடை ஏறியது 2021 கென்யாவில். ஆறு ஆண்டுகள்! வேறு அணியாக இருந்தால் மூன்றாம் ஆண்டிலேயே பெட்டியைக் கட்டியிருப்பார். 2025ல் பின்லாந்து இளைஞர் சாமி பஜாரியை டபிள்யூஆர்டி-2 என்ற இரண்டாவது அணியின் பெயரில் டொயோட்டா ஓட்டவிட்டது. அவர் தடுமாறினாலும் முதன்மை அணியின் புள்ளிக் கணக்கில் கைவைக்காத ஏற்பாடு அது.

மறுபக்கம் எஸ்டோனியாவின் ஓட் டனாக். 2012ல் எம்-ஸ்போர்ட்டில் முழு சீசன் ஓட்டினார். விபத்துகள் அதிகம், அடுத்த ஆண்டு இருக்கை இல்லை. சொந்த ஊருக்குத் திரும்பி உள்நாட்டுப் போட்டிகளில் ஓட்டி, படிப்படியாக மேலே வந்தார். அதே எம்-ஸ்போர்ட் அணிக்காக 2017ல் சார்டீனியாவில் முதல் வெற்றி. 2019ல் டொயோட்டா காரில் உலக சாம்பியன். பிரான்சின் அட்ரியன் ஃபோர்மோவும் இதே பாதைதான். எம்-ஸ்போர்ட்டில் 2022ல் அடுத்தடுத்து விபத்துகள், 2023ல் கீழ்ப் பிரிவுக்கு இறக்கம், அந்த ஆண்டே பிரிட்டிஷ் பட்டம். 2024ல் உச்சப் பிரிவுக்குத் திரும்பிப் பலமுறை மேடை ஏறினார். 2025ல் ஹூண்டாய் அவரை அழைத்துக்கொண்டது.

இந்த மூவர் கதையிலும், சோல்பெர்க்கையும் சேர்த்து, ஒரு பொது அம்சம் இருக்கிறது. இறக்கிவிடப்பட்டாலும் நிற்பதற்கு ஒரு படி இருந்தது. போட்டியிடக் கார் இருந்தது, எதிர்த்து ஓட்டத் தரமான ஆட்கள் இருந்தார்கள், திரும்பி வந்தால் பார்க்க ஆள் இருந்தது. கீழே படி இருந்தால், இறக்கிவிடுவதுகூட ஒருவகை அவகாசம்தான்.

அப்படின்னா எல்லாருக்கும் பத்து வருஷம் கொடுக்கணுமா?

இல்லை. பின்லாந்தின் கல்லே ரோவன்பெரா 2020ல் டொயோட்டாவின் முதல்தரக் காரில் ஏறி, 2022ல் 22 வயதில் உலக சாம்பியன் ஆனார். அதுவரை அந்த வயதில் யாரும் ஆனதில்லை. ஆனால் அவரும் திடீரென்று முளைத்தவர் அல்ல. முன்னாள் ராலி ஓட்டுநரின் மகன், சிறுவயதிலேயே கார் ஓட்டியவர். அதற்கு மேல் ஸ்கோடா நிறுவன அணியில் இரண்டாம் நிலைப் பிரிவில் 2018, 2019 என இரண்டு ஆண்டுகள் ஓட்டிவிட்டுத்தான் வந்தார்.

பத்து இருக்கைகளில் ஒன்றில் ஒருவர் ஆறு ஆண்டு பழகினால், அந்த ஆறு ஆண்டும் வேறு ஒருவருக்குக் கதவு மூடியிருக்கும். எனவே அளவுகோல் இல்லாத பொறுமையும் நியாயம் இல்லை. எத்தனை போட்டி உறுதி, எதில் முன்னேற்றம் காட்ட வேண்டும், காட்டாவிட்டால் எந்தப் படிக்கு இறங்க வேண்டும் என்று முன்கூட்டியே பேசிவைத்தால்தான் அது இரு தரப்புக்கும் அவகாசம். இல்லையென்றால் ஒரு தரப்புக்குத் தலைவலி, மறு தரப்புக்கு ஏமாற்றம்.

சரி, கோவை-திருப்பூருக்கு இதுல என்ன?

பல்லடம் பக்கத்துக் கேத்தனூர் காற்றாலைகளுக்கு நடுவே ஓடும் மண் பாதைகளில் கோயம்புத்தூர் ராலியின் கட்டங்கள் நடந்திருக்கின்றன. தேசிய ராலி சாம்பியன்ஷிப்பின் ஒரு சுற்று அது. பாதை இருக்கிறது, மெக்கானிக் இருக்கிறார், பார்க்க வரும் கூட்டமும் இருக்கிறது.

இந்த வட்டாரத்தில் பழகும் செலவை இதுவரை ஏற்றது பெரும்பாலும் குடும்பங்கள்தான். 2005ல் ஃபார்முலா-1ல் ஓட்டிய முதல் இந்தியரான கோவை நரேன் கார்த்திகேயனின் தந்தை ஜி.ஆர். கார்த்திகேயன், தேசிய ராலி சாம்பியன். ஜவுளித் தொழில் குடும்பத்தில் பிறந்த எஸ். கரிவரதன், மாருதி 800 பாகங்களைக் கொண்டு குறைந்த செலவில் ஃபார்முலா மாருதி காரை உருவாக்கினார். நரேனின் முதல் பந்தயமே ஸ்ரீபெரும்புதூரில் ஃபார்முலா மாருதியில்தான். 1995ல் விமான விபத்தில் கரிவரதன் இறந்தார். செட்டிபாளையம் பந்தயத் திடல் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஒரு தனி மனிதர் மற்றவர்களுக்காகப் போட்ட படி அது.

ஆனால் குடும்பப் பணத்துக்கு ஒரு குறை உண்டு. ஆர்டர் இருந்தால் சீசன் இருக்கும், ஆர்டர் படுத்தால் கார் ஷெட்டில் நிற்கும். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருட்கள் மீது 50% வரி விதித்தபோது திருப்பூர் ஏற்றுமதியாளர்கள் பட்ட பாடு ஊரறிந்தது. தொழில் நெருக்கடியில் ஒரு குடும்பம் முதலில் வெட்டும் செலவு பந்தயச் செலவாகத்தான் இருக்கும். அந்த மாதிரிக் குடும்பமே இல்லாத கைமடியின் மகனுக்கோ ஆரம்பமே கிடையாது.

தேசிய அளவில் படிகள் இல்லாமல் இல்லை. ஜூனியர் பிரிவு தொடங்கிப் பல பிரிவுகள் இருக்கின்றன. சிக்கல் மேலே. தேசிய சாம்பியன் ஆனபிறகு அடுத்த படிக்கு அழைத்துப்போக நிலையான ஃபேக்டரி டீம் இல்லை. மஹிந்திரா எக்ஸ்யூவி 500 காரோடு சில ஆண்டுகள் அணி நடத்தியது. சென்னையின் எம்.ஆர்.எஃப். ஆதரவில் டெல்லியின் கௌரவ் கில் 2013, 2016, 2017 ஆகிய ஆண்டுகளில் ஆசிய பசிபிக் பட்டம் வென்றார். பிறகு எம்.ஆர்.எஃப். ஐரோப்பிய ராலிக்குப் போனது. 2022ல் ஸ்பெயினின் எஃப்ரென் யரேனா அந்த அணிக்காக ஐரோப்பிய சாம்பியன் ஆனார். டயரைச் சோதிக்க அனுபவசாலிதான் வேண்டும் என்பது தொழில்ரீதியில் சரியான கணக்கே. ஆனால் அந்தக் கணக்கில் இந்தியப் புதுமுகத்துக்கு இடம் வருவதில்லை.

ஓசூரில் ஒரு பதில்

இங்கேயே ஒரு முன்மாதிரி உண்டு, ஆனால் இரண்டு சக்கரத்தில். 1982ல் தொடங்கிய டிவிஎஸ் ரேசிங், பிரான்சின் ஷெர்கோ நிறுவனத்தோடு சேர்ந்து டக்கார் ராலியில் இறங்கியது. அதில் ஷொர்ணூரைச் சேர்ந்த ஹரித் நோவாவுக்கு 2020ல் முதல் வாய்ப்பு. 2021ல் 20வது இடம். இடையில் காயங்களும் பின்னடைவும் இருந்தன, அணி கைவிடவில்லை. 2024ல் ஒட்டுமொத்தமாக 11வது இடம், ராலி-2 பிரிவில் முதலிடம். டக்காரில் ஒரு பிரிவை வென்ற முதல் இந்தியர் அவர். நான்கு ஆண்டு ஷிப்ட் கூலியின் பலன் அது.

எது மாறணும்?

உலக மோட்டார் விளையாட்டுக் கூட்டமைப்பு 2021ல் தொடங்கிய ராலி ஸ்டார் திட்டம், பணத்தைப் பார்க்காமல் திறமையைப் பார்த்து ஆள் தேடியது. அதில் தேர்வான எஸ்டோனியாவின் ரோமெட் யுர்கென்சன் 2024ல் இளையோர் உலக ராலி பட்டம் வென்றார். அயர்லாந்தில் தேசிய அமைப்பே ஓர் அகாடமி நடத்துகிறது. அதன் ஆதரவில்தான் ஜோஷ் மெக்கர்லீன் 2025ல் எம்-ஸ்போர்ட்டின் முதல்தரக் காரில் ஏறினார். சின்ன நாடுகள்தான் இரண்டும்.

தமிழ்நாட்டில் கார் தொழிற்சாலை, டயர் கம்பெனி, பந்தயத் திடல், மண் பாதை எல்லாமே ஒரு நாள் பயணத் தூரத்தில் இருக்கின்றன. தேசிய ஜூனியர் பட்டம் வெல்பவருக்கு மூன்று சீசன் உறுதி, ஒவ்வொரு சீசனுக்கும் எழுதிவைத்த இலக்கு, தவறினால் இறங்கி நிற்க ஒரு படி என்று ஒரே ஒரு நிறுவனம் முன்வந்தால் போதும், தொடக்கம் கிடைத்துவிடும். அதுவரை கேத்தனூர் பாதையில் யார் வேகமாக ஓட்டுகிறார் என்பதைவிட, யார் வீட்டில் இன்னும் ஒரு சீசனுக்குப் பணம் இருக்கிறது என்பதுதான் அடுத்த ராலி ஓட்டுநரைத் தீர்மானிக்கும்.